மஞ்சள் கோடு போட்ட கை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். இடுப்பைத் தவிர மற்ற எல்லாம் சுகம். உன் வீட்டில் அத்தானும் வாலுவும் நன்றாக இருக்கிறார்கள். ஆலை வேலைக்கென்று வெளியூர் போனதும் உனக்கு வந்த அந்தக் காலைத் தும்மல் நின்றதா?

கடிதத்தைப் பார்த்ததுமே ஏதோ காரியமாகத்தான் எழுதுகிறான் என்று கண்டுபிடித்திருப்பாய். அத்தான் இளவயதில் மண்மேட்டுப் பந்தயங்களில் ஓட்டிய பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி உங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறதல்லவா? உன் மகள் வாலு அதை என் மெக்கானிக் கடைவரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டாள். மே மாதக் கடைசியில் பழைய வண்டிகளுக்கென்றே ஒரு பந்தயம் நடக்கிறதாம். இவள் ஓட்டப் போகிறாளாம். அத்தானிடம் கேட்டதற்கு, "உங்கம்மா சரின்னா எனக்கும் சரி" என்று நழுவிவிட்டார். மனிதர் எப்போது உன்னை மீறியிருக்கிறார்!

எஞ்சினைப் பார்த்தேன். உயிர் இருக்கிறது. எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டினால் போதும். அவளுக்காக நானே என் கையால் செய்கிறேன். நான் இறுக்கினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். இந்தத் தெருவில் எனக்கு இரும்புக்கை என்று சும்மாவா பேர் வைத்தார்கள்?

சரி என்று ஒரு வார்த்தை எழுது. அவள் தினமும் வந்து என் உயிரை வாங்குகிறாள்.

உன் இரும்புக்கைத் தம்பி


பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு,

தும்மல் நிற்கவில்லை. எனக்கு முன்னால் அதுதான் ஆலைக்குப் போகிறது. மற்றபடி நலம். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்யச் சொன்னால் கேட்கவா போகிறாய்.

வாலு போன ஞாயிற்றுக்கிழமை போனில் அழுதே காரியத்தைச் சாதித்துவிட்டாள். சரி, ஓட்டட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. வண்டியில் ஒரு போல்ட்டைக்கூட நீ கைக்கணக்கில் இறுக்கக் கூடாது. உன் இரும்புக்கையைப் பற்றித் தெரு சொல்வது பாராட்டு என்றா நினைத்தாய்? நீ இறுக்கினதை உன்னாலேயே கழற்ற முடியாது என்று சிரிக்கிறார்கள்.

இங்கே பம்பு ஆலையில் பரிசோதனை மேஜையில் உட்கார்ந்து நான் பார்ப்பது இதைத்தான். தளர்ந்து உடைந்ததைவிட அளவுக்கு மேல் இறுக்கி உடைந்ததுதான் அதிகம். அதனால் எனக்கு ஆலையில் பரிசாகக் கொடுத்த டார்க் ரெஞ்சை உனக்கு அனுப்புகிறேன். பிடியைத் திருப்பி வேண்டிய எண்ணில் வை. அந்த இறுக்கம் வந்ததும் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அதோடு கையை எடுத்துவிடு. எந்தப் போல்ட்டுக்கு எவ்வளவு என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

கூடவே ஒரு குப்பி மஞ்சள் பெயிண்டும் வருகிறது. இறுக்கி முடித்ததும் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழு. போல்ட் அசைந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். இங்கே இறுக்கினவர் கோடு போடக் கூடாது, நின்று பார்த்த இரண்டாம் ஆள்தான் போட வேண்டும். உன் கடையில் இரண்டாம் ஆளுக்கு எங்கே போவது? நீயே போட்டுக்கொள். என் தம்பி மேல் எனக்கு அந்த நம்பிக்கைகூட இல்லையா என்ன.

எதையும் கடிதத்திலேயே கேள். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்றுவிட்டு அடுத்த நிமிடம் மறந்துபோவாய்.

பிரியமுடன் அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. ரெஞ்சைப் பெட்டியோடு கல்லாவுக்கு மேலே வைத்திருக்கிறேன். வருகிறவன் போகிறவன் எல்லாம் அதைத் தொட்டுப் பார்க்கிறான். "அக்கா ஜெயிச்ச பரிசு" என்று பெருமையடித்துக்கொண்டேன். முதல் நாள் முழுக்க அந்த டக் சத்தத்தைக் கேட்பதற்காகவே கடையில் இருந்த வண்டிகளை எல்லாம் இறுக்கிப் பார்த்தேன். சிரிக்காதே.

எஞ்சினைக் கீழே இறக்கியாயிற்று. பின் சக்கரத்துக் கையைச் சட்டத்தோடு பிடிக்கும் பெரிய நட்டு மட்டும் துருவேறி வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. எண்ணெய் விட்டேன், சூடு காட்டினேன், திட்டியும் பார்த்தேன். கடைசியில் ஒருவழியாகக் கழற்றிவிட்டேன். அது பெரிய கதை, விடு.

வாலு மாலையில் வந்து பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் தருகிறாள். கல்லூரிப் புத்தகத்தை எங்கே வைத்தாள் என்று மட்டும் கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

இங்கே குளிர் குறைந்துவிட்டது. நானும் தும்மலும் சௌக்கியம். அத்தான் ரத்த அழுத்த மாத்திரையைச் சரியாகப் போடுகிறாரா என்று அவருக்குத் தெரியாமல் பார்த்து எழுது.

நன்றாகக் கவனி. சைலிண்டர் ஹெட்டின் நட்டுகளை வரிசையாக இறுக்கிக்கொண்டு போகாதே. ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு எதிர்மூலையில் உள்ளது. முதல் சுற்றில் பாதி அளவு, அடுத்ததில் முக்கால், கடைசியில் முழுசு. எஞ்சினை ஓடவிட்டு, நன்றாக ஆறின பிறகு மறுபடி ஒரு தடவை பார். மரையில் அழுக்கு இருந்தால் ரெஞ்சு பொய் சொல்லும், துடைத்துவிட்டுப் போடு.

ஹேண்டில் பாரைப் பிடிக்கும் கிளாம்பில்தான் எனக்குப் பயமே. பழைய அலுமினிய வார்ப்பு அது. அதற்கு இருபத்திரண்டு, அவ்வளவுதான். பற்றாதோ என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும், நீ கையை எடுத்துவிடு. என் மகள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து குதிக்கப் போவது அதைத்தான்.

இன்னொன்று, ரெஞ்சு அனுப்பின அன்றே எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். அது இறுக்க மட்டும்தான். எதையும் கழற்ற அதைத் தொடாதே. குழாயைச் செருகி நெம்பினால் உள்ளே ஸ்பிரிங் போய்விடும். அப்புறம் அது வெறும் இரும்புத் தடி. உனக்கு இது தெரியாமலா இருக்கும், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அந்தப் பெரிய கதையை விடச் சொன்னாயே. எனக்குக் கேட்க ஆசையாக இருக்கிறது, எழுது.

பிரியமுடன் அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை, கடையில் கூட்டம். மன்னித்துக்கொள். அத்தான் மாத்திரையைச் சரியாகத்தான் போடுகிறார்.

வண்டி முடிந்துவிட்டது. ஹெட் நட்டுகளை நீ சொன்னபடியே எதிர்மூலை எதிர்மூலையாக இறுக்கினேன். ஓடவிட்டு ஆறவைத்து மறுபடியும் பார்த்தேன். கிளாம்புக்கு இருபத்திரண்டு வைத்து டக்கென்றதும் நிறுத்திவிட்டேன். கிளட்ச் மூடியின் குட்டி போல்ட்டுகளைக்கூட விடவில்லை. நீ தாளில் எழுதினபடி பத்து வைத்து, ஒவ்வொன்றும் டக் டக்கென்று அழகாகச் சொல்லிவிட்டது. எல்லாவற்றுக்கும் மஞ்சள் கோடு போட்டாயிற்று. வண்டி மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி நிற்கிறது.

பெரிய கதை ஒன்றும் இல்லை அக்கா, சுத்தியலால் தட்டினேன், வந்துவிட்டது.

வாலு ஓட்டிப் பார்த்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

தம்பி


மே 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

இங்கே புதிதாகச் சேர்ந்த ஒருவர், அளவாக இறுக்காத போல்ட்டுக்குக் கோடு போட்டுவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய கருவி கீழே விழுந்து பழுதாகியிருக்கிறது. சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டு, குத்துமதிப்பாக இறுக்கிக் கோட்டைப் போட்டுவிட்டார். நான் பம்பைத் திருப்பி அனுப்பினேன். மேஜைக்கு முன்னால் வந்து நின்றவர் தலையைத் தூக்கவே இல்லை. எனக்கே பாவமாகிவிட்டது.

ரெஞ்சு எப்படி இருக்கிறது? சத்தம் நன்றாகக் கேட்கிறதா? உனக்கு ஏதாவது எழுத வேண்டும் போலிருந்தால் எழுது. நான் கோபப்பட மாட்டேன். பந்தயத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அக்கா


மே 9

அக்காவுக்கு,

சத்தம் நன்றாகவே கேட்கிறது. வேலைக்குப் புதிதாக வந்தவனையும் என்னையும் ஒரே தராசில் வைத்துவிட்டாய். வாலு எனக்கும் பெண் மாதிரிதான். அவள் வண்டியில் அலட்சியமாக இருப்பேனா?

இங்கே எல்லோரும் நலம்.

தம்பி


மே 31

தம்பிக்கு,

அத்தான் போனில் எல்லாம் சொன்னார். வாலுவுக்குக் காரை எலும்பு முறிந்திருக்கிறது, தலையில் அடி இல்லை, கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள் என்றார். வாலுவும் பேசினாள். மேட்டிலிருந்து தப்பாக இறங்கிவிட்டாளாம், தன் தப்புதானாம். நான் கேட்காமலேயே அதை மூன்று நான்கு தடவை சொன்னாள்.

எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ராத்திரியெல்லாம் அவள் விழுவது மாதிரியே இருக்கிறது. வண்டியைப் பற்றி நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நீ ஏன் பேசவில்லை? போனை அத்தான் உன்னிடம் கொடுத்தபோது வெளியே போய்விட்டாயாமே.

சாப்பிடு. எழுது.

அக்கா


ஜூன் 20

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பெரிய நட்டைக் கழற்ற உன் ரெஞ்சைத்தான் போட்டேன். கடையில் அதைவிட நீளமான பிடி இல்லை. அதற்கு மேல் குழாயையும் செருகி ஏறி மிதித்தேன். உள்ளே ஏதோ முறிகிற சத்தம். நட்டு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த ரெஞ்சு வாயே திறக்கவில்லை. எந்த எண்ணில் வைத்தாலும் சும்மா சுற்றியது. கழற்ற அதைத் தொடாதே என்ற உன் கடிதம் அப்புறம்தான் வந்தது. படித்துவிட்டு அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். நீ ஜெயித்த பரிசு அக்கா. தெரு முழுக்கக் காட்டிப் பெருமையடித்த வாய், உடைத்துவிட்டேன் என்று சொல்லக் கூசியது.

அதனால் எல்லாவற்றையும் கைக்கணக்கில்தான் இறுக்கினேன். கிளாம்புக்கு வரும்போது நீ எழுதினது ஞாபகம் வந்தது, இரண்டு கையாலும் அவள் இதைத்தான் பிடிப்பாள் என்று. நம் பெண்ணாயிற்றே என்று இன்னும் ஒரு கால் சுற்றுக் கூட்டினேன். பயத்தில் இன்னொரு கால் சுற்று. பிறகு கோடு போட்டேன். அன்றைக்கு அவள் கடைக்கு வந்து கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "சூப்பர் மாமா" என்றாள். உனக்கு டக் டக் என்று எழுதினது அன்று மாலைதான்.

பந்தயத்தில் அவள் நன்றாகத்தான் இறங்கினாள். நான் கயிற்றை ஒட்டி நின்று பார்த்தேன். சக்கரம் தரையைத் தொட்டதும் ஹேண்டில் பார் தனியாக முன்னால் போனது. அவள் அதைப் பிடித்தபடியே போனாள். ஓடிப்போய்ப் பார்த்தால் கிளாம்பின் மேல்மூடி இரண்டாகப் பிளந்திருந்தது. போல்ட் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. தளரவே இல்லை. மஞ்சள் கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

ஆஸ்பத்திரி நடையில் அத்தான் எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "மச்சான், நீ பண்ணின வண்டிங்கிறதால இதோட போச்சு. வேற எவனாவது பண்ணியிருந்தா என்ன ஆயிருக்கும்" என்று என் முதுகைத் தட்டினார். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உள்ளே போனேன். வாலு கண்ணை மூடியபடி படுத்திருந்தாள். அவர் மருந்து வாங்கப் போனதும் கண்ணைத் திறந்தாள். "கோடு நகரவே இல்ல மாமா, பார்த்தேன்" என்றாள். "அம்மாகிட்ட நான் தப்பா இறங்கிட்டேன்னு சொல்லிட்டேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

அவள் இவ்வளவு உயரம் இருக்கும்போது ஐஸ் வாங்கித் தின்றதை உன்னிடம் மறைக்க நான் பொய் சொல்லியிருக்கிறேன். இப்போது எனக்காக அவள் சொல்கிறாள். உடைந்த எலும்போடு படுத்துக்கொண்டு சொல்கிறாள். அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு வந்தேன் அக்கா. கடையை இன்னும் திறக்கவில்லை. எவன் வண்டியைத் தொட்டாலும் கை கூசுகிறது.

ரெஞ்சையும் உடைந்த மூடியையும் இதோடு அனுப்புகிறேன். என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி


ஜூலை 4

தம்பி,

எழுதாமல் இருந்துவிடவில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூடியை ஆலையில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். உடைந்த இடத்தில் பாதி பளபளப்பாக இருக்கிறது, பாதி எண்ணெய் இறங்கிக் கறுத்திருக்கிறது. அந்தக் கறுத்த பாதி பந்தயத்தன்று உடைந்ததில்லை. நீ இறுக்கின அன்றே கீறல் விட்டு, அவள் ஏறும்வரை காத்திருந்திருக்கிறது. இதை மறைத்து உனக்கு ஆறுதல் சொல்லலாம். வேண்டாம், ஏற்கெனவே நாம் மறைத்தது போதும்.

நாம் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

ஏப்ரலில் கிளட்ச் மூடிக்குப் பத்து வைத்து டக் டக்கென்றது என்று எழுதியிருந்தாயே, அந்த ரெஞ்சில் இருபதுக்குக் கீழே எண்ணே கிடையாது. குட்டி போல்ட்டுகளுக்கு என்று தாளில் எழுதின பத்து, சின்ன ஸ்பேனரால் விரல் பலத்தில் இறுக்க வேண்டியது. அதைச் சொல்ல நான் மறந்துவிட்டேன். ஆனால் உன் வரியைப் படித்த நிமிடமே, நீ ரெஞ்சைத் தொடவே இல்லை என்று தெரிந்துவிட்டது. எந்தப் போல்ட்டும் அளவில் இல்லை என்றும் தெரிந்தது.

தெரிந்து என்ன செய்தேன்? புதிதாகச் சேர்ந்தவர் கதை எழுதினேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை. நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். உன் கோபக் கடிதம் வந்ததும் பயந்துவிட்டேன். சின்ன வயதில் வீட்டில் எல்லோரும் உன்னைத் தத்தி, தத்தி என்பார்கள். ஸ்பேனர் பிடித்த பிறகுதான் நீ தலை நிமிர்ந்தாய். அதையும் நானே பிடுங்கிவிடக் கூடாது என்று நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாலுவிடம் பேசினேன். வண்டியில் ஏறாதே என்று சொல்ல ஒரு நொடி போதும். சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன் முகம் வாடக் கூடாது என்பது எனக்கு என் மகளின் எலும்பைவிடப் பெரிதாகப் போய்விட்டது.

நாள் முழுக்க ஊரான் பம்புகளைத் திருப்பி அனுப்புகிறவள் நான். என் தம்பி வேலையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டேன். இறுக்கினவனே கோடு போடக் கூடாது என்று தெரிந்தும், நீயே போட்டுக்கொள் என்று எழுதின கையும் என்னுடையதுதான். இங்கே தோழிகள் "உன் பொண்ணு எப்படி இருக்கா" என்று கேட்கும்போது அவர்கள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

அத்தானிடம் உன் பங்கை நீ சொல். என் பங்கை நான் சொல்கிறேன். யாரும் யாருக்காகவும் பூசி மெழுக வேண்டாம். வாலுவிடமும் சொல்ல வேண்டும், பொய் சொல்கிற வேலை இனி அவளுக்கு இல்லை என்று.

ரெஞ்சைச் சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன். கடையைத் திற.

அக்கா


அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? தும்மல் போனதாக அத்தான் சொன்னார். நம்பவில்லை.

அத்தானிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. எழுந்து போய்த் தகரக் கொட்டகைக்குள் நின்றார். ரொம்ப நேரம் கழித்து வந்து, "நான் அன்னைக்கு உன் முதுகைத் தட்டினேனே மச்சான்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. போன வாரம் அவராகக் கடைக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பேப்பர் படித்தார். அதுவே எனக்குப் போதும்.

சரிசெய்த ரெஞ்சும் புது கிளாம்பும் வந்துவிட்டன. வாலுவுக்கு எலும்பு கூடிவிட்டது, கையை முழுசாகத் தூக்குகிறாள். வண்டியை எடுக்க வேண்டாம் என்றேன். நீ போனில் முடிவை அவள் கையில் விட்டுவிட்டாயாமே. நேற்று மாலை ரெஞ்சோடு வந்து நின்றாள். "தள்ளுங்க மாமா, இந்தத் தடவை நான்" என்றாள்.

மரையைத் துடைத்தாள். ரெஞ்சில் இருபத்திரண்டு வைத்து என்னிடம் காட்டினாள். ஒவ்வொரு போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். டக். அடுத்தது, டக். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி போல்ட்டில் டக்கென்றதும் என் கை தானாக நீண்டது, இன்னும் ஒரு கால் சுற்று என்று. அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

முடித்ததும் மஞ்சள் குப்பியை என்னிடம் நீட்டினாள். என்னால் முடியாது, அந்தக் குப்பியைத் தொடவே மாட்டேன் என்றேன்.

"இறுக்கினவங்க போடக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க மாமா. நின்னு பார்த்தவங்கதான் போடணும். நீங்கதானே பார்த்தீங்க?"

போட்டேன். கோடு கோணலாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் பார்த்துவிட்டுத்தான் போட்டேன் அக்கா.

தம்பி